மூன்று நிறத்தில் ஆறு

நாலாவது நிறத்துக்குக் காசில்லை என்று
முதலிலேயே சொல்லிவிட்டார் எத்திராஜ்.
குடியாத்தத்து அச்சகத்தில்
நிறத்துக்கு ஒரு தகடு, தகட்டுக்கு ஒரு விலை.
பச்சை, பழுப்பு, அப்புறம் ஏதாவது ஒன்று.
வெள்ளை மட்டும் இலவசம்,
அது காகிதத்தோடேயே வருகிறது.

சரக்கு நன்னாரி சோடா.
சத்துவாச்சாரிக்குப் பின்னால் தகரக் கொட்டகை,
இரண்டு எந்திரம், ஒரு மச்சான்,
நாளைக்கு நாற்பது கிரேட்.

"கோட்டை வேணாம்மா.
ஊதுபத்திக்காரன் போட்டுகினான், பிரியாணிக்காரன் போட்டுகினான்,
டிராவல்ஸ்காரன் அகழியோட சேத்துப் போட்டுகினான்.
வேற இன்னாவாச்சும் போடு."

வேரை வரைந்து காட்டினேன்.
ஜவ்வாது மலையிலிருந்து வந்த நிஜ வேரை
மேசையில் வைத்துப் பார்த்து, கணுக் கணுவாக.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.
"மண்புழு மாதிரி கீது."
உண்மைதான். வாசனையை எடுத்துவிட்டால்
நன்னாரி ஓர் அழுக்குக் கயிறு.
மூடியைத் திறக்கும்வரை
மூக்கின் வேலையையும் கண்தான் பார்க்கவேண்டும்.

ரோஜா போடச் சொன்னார்.
நன்னாரிக்கு ரோஜாவா என்றேன்.
"பன்னீர் சோடா ஓடுதில்ல?"
இப்படியே பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள் வேரையே நீட்டிவிட்டேன்,
இடது ஓரத்தில் புறப்பட்டு
பாட்டிலைச் சுற்றித்
தன் நுனியையே வந்து தொடும்படி.
பாதி வழியில் பழுப்பு நீலமாகிவிட்டது.
இரண்டு கரை, ஒரு மீன்,
குனிந்து குடிக்கிற மாடு.
எத்திராஜ் நெடுநேரம் பேசவில்லை.
"இது எந்த ஆறு?"
பாலாறு.
"தண்ணி கீதே."
ஏதாவது ஒன்று என்றீர்களே சார், அது இந்த நிறம்.
சிரித்தாரா இருமினாரா, தெரியவில்லை.
முன்பணம் கொடுத்தார்.

பின்பக்கம் என் கையில் இல்லை.
சர்க்கரை அளவு, உரிம எண், தயாரித்த நாள்,
*இதில் பழம் இல்லை* என்ற வரி.
அதை இன்னும் சின்னதாக்க முடியாதா என்று கேட்டார்.
சட்டம் சொன்ன உயரத்துக்குக் கீழே
ஒரு மயிரிழைகூட இறக்க முடியாது.
முன்னால் ஆறு ஓடியது,
பின்னால் *இல்லை* என்ற சொல்
உயரம் குறையாமல் நின்றது.

முதல் லாட்டில் நீலம் விலகி விழுந்திருந்தது,
கரையைத் தாண்டி ஒரு நூல்,
மாட்டுக்கு முட்டிவரை வெள்ளம்.
அச்சகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன்.
மச்சான்தான் சொன்னார்:
"அந்த நவம்பர்ல நெஜமாவே இப்டித்தாம்மா வந்துச்சு."

மே மாதம். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்து.
லாட்ஜ், மருந்துக்கடை, மீன் சாப்பாடு,
பலகையெல்லாம் வங்காள எழுத்து.
மூன்று இரவு வளைத்து வளைத்து வரைந்த என் 'ன்னா'வை
வாசிக்க அங்கே ஒருவரும் இல்லை.
ஒரு பெண், அவள் மடியில் பையன்,
பையன் மடியில் எக்ஸ்ரே உறை.
கடைக்காரர் ஐஸ் பெட்டியைத் திறந்தார்.
ஆரஞ்சு, எலுமிச்சை, கோலா எல்லாம் தாண்டி
அவள் விரல் ஆற்றைத் தொட்டது.

பாட்டில் வியர்த்தது.
பசை இளகி ஓரம் தூக்கியது
(மட்டமான பசை, அதையும் சொல்லியிருந்தேன்).
பையன் கிழியாமல் உரித்தான்.
உறையின்மேல், தன் பெயருக்குக் கீழே ஒட்டி
உள்ளங்கையால் தேய்த்தான்.
சுற்றிக்கொண்டே இருந்த ஆறு
முதல்முறையாக நேராகப் படுத்தது.

என்னை யாரென்று தெரியாமலே
படத்தைக் காட்டி இந்தியில் கேட்டாள்,
இது இங்கே எங்கே இருக்கிறது?
காட்பாடியில் இறங்கி
ஆட்டோவில் பாலம் தாண்டித்தான் வந்திருப்பார்கள்.
மணல், முள், நடுவில் ஒரு கிரிக்கெட் ஆட்டம்.
பக்கம்தான் என்று
வடக்கே கை நீட்டினேன்.
பையன் அந்தத் திசையில் கொஞ்ச நேரம் பார்த்தான்.
அங்கே ஒரு ஸ்கேன் சென்டர் இருந்தது.

இரவு எத்திராஜ் கூப்பிட்டார்.
அடுத்த லாட்டுக்கு மீன் கொஞ்சம் பெருசா வரணுமாம்.